குழிக்குக் காவல் நின்ற மாலக்கி

மாலக்கி டார்ப்பியும் நானும் மான்செஸ்டரில் பல வருடம் சேர்ந்து மண் வெட்டியவர்கள். இருவருக்கும் ஊர் அயர்லாந்தின் மேயோ. தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

அவன் மகன் டெக்லன் டிவியில் பெரிய ஆளானான். பெயரை டெரிக் டேல் என்று இங்கிலீஷ்காரன் பெயராக மாற்றிக்கொண்டு, அயர்லாந்துக்காரனை மடையனாக்கி ஜோக் அடித்தான். இங்கிலாந்தே வயிறு குலுங்கச் சிரித்தது. அத்தனையும் அப்பன் சாப்பாட்டு மேசையில் சொன்ன சொந்தக் கதைகள். பேர்போனது குழி ஜோக். "இங்கேயே நில்லு" என்று மேஸ்திரி சொன்னாராம். குழியை யாரும் திருடிவிடக் கூடாதென்று அந்த மடையன் விடிய விடிய மழையில் நின்றானாம்.

அதன்பிறகு மாலக்கியைக் கண்டாலே, "என்னப்பா, குழி பத்திரமா?" என்பார்கள். அவன் கதை சொல்வதை நிறுத்தினான். பப்புக்கு வருவதும் நின்றது.

"பையன் மேல கோபம் இல்ல கோல்மன். தெருவுல தலைநிமிந்து நடக்கத்தான் கூச்சமா இருக்கு" என்றான் என்னிடம்.

அவன் செத்தபோது எங்கள் ஊர் வழக்கப்படி முன்னறையில் சவப்பெட்டியைத் திறந்து வைத்து, டீயும் விஸ்கியுமாகச் சுற்றி உட்கார்ந்தோம். ஆளுக்கொரு கதை சொல்லி, செத்தவனைச் சிரிப்போடு அனுப்ப வேண்டும். மகன் சொல்லாவிட்டால் அது பெரிய குறை.

டெக்லன் எழுந்தான். "அப்பா ஒரு தடவை ஏணியத் தூக்கிக்கிட்டு..."

"அது கிறிஸ்துமஸ் ஷோவுல வந்துச்சே" என்றாள் பக்கத்து வீட்டு ஹானோரா.

"சரி, பன்னி வாங்கப் போனப்போ..."

"அதையும் கேட்டாச்சு, துரை" என்றேன். சும்மா விட எனக்கு மனமில்லை.

அவன் கோப்பையைக் கீழே வைத்தான். விற்காத கதை ஒன்றுகூட அவனிடம் மிச்சமில்லை. அந்த முகத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாகப் போயிற்று.

அவன் தாய் டெலியா பெட்டியிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "குழிக் கதையையே சொல்லுடா. முழுசாச் சொல்லு."

"வேணாம்மா..."

"உனக்கு முழுசாத் தெரியாது. மேஸ்திரி மறந்து வீட்டுக்குப் போயிட்டான்னு அவருக்கு நல்லாத் தெரியும். இருந்தாலும் நகந்தா வேலை போயிடும்னு நின்னாரு. நீ அப்பத்தான் பொறந்திருந்த. வீட்டுல பால் வாங்க வழியில்ல."

டெக்லன் சமையலறைக்குள் போய்விட்டான். யாரும் கூப்பிடவில்லை. பெட்டியைத் தூக்கும்போதுதான் வந்து என் பக்கத்தில் நின்றான்.

"கோல்மன் மாமா, நானும் தோள் குடுக்கலாமா?"

பெற்ற மகன் என்னிடம் அனுமதி கேட்டான்.