வீட்டில் பேசும் மொழி

என் மேசை இழுப்பறையில் ஒரு மர அடிக்கோல் கிடக்கிறது. சிங்கப்பூரின் ஜாலான் புசார் சாலையில் முன்பு இருந்த ஓர் இரும்புச் சாமான் கடையின் பெயர் அதில் பாதி அழிந்து தெரியும். ஓரத்தில் நீல மைக்கறை ஒன்று. ஆண்டுக்கு ஒருமுறை இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டி ஒழுங்குபடுத்துகிறேன். மற்றதெல்லாம் குப்பைக்குப் போகும், அது மட்டும் திரும்ப உள்ளே போய்விடும்.

அது எங்கள் டேட்டா ஆபீசருடையது. அதே ஊரில் ஒரு பன்னாட்டுப் பள்ளியில், ஆங்கிலத்துக்குப் புதிதான பிள்ளைகளுக்கு நான் ஆசிரியை. மதிப்பெண்களையெல்லாம் கணினியில் தொகுத்துத் தருவது அவர் வேலை. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். அந்தக் கடை அவருடைய வாப்பாவுடையது. என்னைவிட ஆறு வயது இளையவர், நச்சரிப்பதில் மட்டும் மாமியாருக்குச் சமம். கணினி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணம் அடித்துக் கொடுக்கும். பின்தங்கிய பிள்ளைகளின் சிவப்பை மட்டும் பார்த்துவிட்டு ஆசிரியர் கூட்டத்தை முடிக்கலாம் என்று நாங்கள் உட்கார்ந்திருப்போம். அவரோ வண்ணத்தை நீக்கிவிட்டுக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்துக்கொண்டு வருவார். ஒரு பிள்ளையின் வரிசைக்குக் கீழே அடிக்கோலை வைப்பார். அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசி முடிக்கும்வரை கோல் நகராது. "கலர் இருந்தா கண்ணு முந்திக்கிடும் டீச்சர்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஆண்டு மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் சேர்ந்திருந்தாள். அப்பா கப்பல் பட்டறையில் பொறியாளர். தமிழ்நாட்டிலிருந்து வந்து மார்சிலிங்கில் குடியிருந்தார்கள். வகுப்பில் அவள் வாயே திறப்பதில்லை. சேர்க்கைப் படிவத்தில் 'வீட்டில் பேசும் மொழி' என்ற கட்டத்தில் ஆங்கிலம் என்று இருந்ததால் அவளை என்னிடம் அனுப்பவில்லை. பெயரைப் பார்த்தாலே தமிழ்ப் பிள்ளை என்று தெரியும்தான். ஆனால் ஆங்கிலமே பேசும் தமிழ் வீடுகள் இந்த ஊரில் ஏராளம் என்பதால் எனக்கு அது உறுத்தவில்லை. வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்குத் தேர்வில் கேள்விகளை விளக்கிச் சொல்வோம், கூடுதல் நேரம் கொடுப்போம். அவளுக்கு இரண்டும் கிடைக்கவில்லை. வரிசை முழுக்கச் சிவப்பு. பிள்ளைக்குப் புத்தி மந்தம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம். அவளை இரண்டாம் வகுப்புக்கு இறக்கலாம் என்ற பரிந்துரையில் நானும் கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை முதல்வரும் போட்டுவிட்டால் முடிந்தது.

புதன்கிழமை டேட்டா ஆபீசர் அவளுடைய கணக்கு விடைகளை ஒவ்வொன்றாக அச்சடித்து என் மேசைக்குக் கொண்டுவந்தார். அடிக்கோலை வைத்தார். வெறும் எண்களாக இருந்த கணக்குகள் அத்தனையும் சரி. வாக்கியமாக எழுதியிருந்த கணக்குகள் அத்தனையும் வெற்று.

"பாருங்க டீச்சர், தப்பா ஒண்ணுமே எழுதல லா. எழுதவே இல்ல."

மறுநாள் பள்ளி முடிந்ததும் அனுமதி வாங்கிக்கொண்டு இருவரும் அவள் வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்தபோது அவள் தம்பியோடு தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். என்ன குரல்! பள்ளியில் நாங்கள் ஒருமுறைகூடக் கேட்டிராத குரல். டேட்டா ஆபீசர் தரையில் உட்கார்ந்து, அவள் வெற்றாக விட்டிருந்த ஒரு கணக்கைத் தமிழில் கேட்டார். ஆளுக்கு எத்தனை பென்சில் என்று அவர் முடிப்பதற்குள் விடை வந்துவிட்டது. அடுத்ததும் அப்படித்தான். மூன்றாவது கணக்கில் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதத்தான் மிஸ் அந்தப் பேப்பர்ல கேட்டிருந்தீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வெட்கத்தை அப்படியே அவள் அம்மாவின் மேல் இறக்கினேன். "ஏங்க ஃபார்ம்ல இங்கிலீஷ்னு போட்டீங்க?"

அந்த அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னார். "தமிழ்னு போட்டா பிள்ளைய எடுக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க மேடம். எடுத்தாலும் கீழதான் பாப்பாங்கன்னு பயந்துட்டேன்."

திரும்பும் வழியில் லிட்டில் இந்தியாவில் இறங்கித் தேநீர் குடித்தோம். படித்த பெண், பொய் எழுதிப் பிள்ளையைக் கெடுத்துவிட்டாளே என்று நான் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் கிளாஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ஒங்க மகன் ஃபார்ம்லயும் அதான் போட்டிருக்கு, டீச்சர்."

என் மகனும் எங்கள் பள்ளியில்தான் படித்தான். எங்கள் வீட்டில் கொஞ்சல், திட்டு, சாமி கும்பிடுவது எல்லாம் தமிழில்தான். மற்ற ஆசிரியர்கள் என்ன நினைப்பார்களோ என்று அந்தக் கட்டத்தில் ஆங்கிலம் என்று எழுதியவள் நான். எல்லா வரிசைகளுக்கும் கீழே கோல் வைத்துப் பார்த்தவர் இதையும் பார்த்திருக்கிறார். இத்தனை நாள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை அந்த அம்மா பள்ளிக்கு வந்து படிவத்தைத் திருத்தினார். என் கையெழுத்தை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அந்தப் பெண் மூன்றாம் வகுப்பிலேயே இருந்தாள், தினமும் ஒரு மணி நேரம் என்னிடம் வந்தாள். இரண்டே மாதத்தில் என்னையே எதிர்த்துப் பேசும் அளவுக்கு ஆங்கிலம் வந்துவிட்டது. அந்த வெள்ளிக்கிழமையே, அந்த அம்மா போன பிறகு, என் மகனின் படிவத்தையும் எடுத்துத் தரச் சொன்னேன். டேட்டா ஆபீசர் எடுத்து வைத்து, ஆங்கிலம் என்ற சொல்லின் மேல் அடிக்கோலைப் பிடித்தார். நான் பேனாவை அழுத்திக் கோடு இழுத்து அந்தச் சொல்லை அடித்ததில் மை கசிந்து மரத்தில் ஏறிவிட்டது. "கோடு நேரா வந்துச்சா இல்லையா?" என்று சிரித்தார்.

சென்ற ஆண்டு அவர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். போகிற அன்று அடிக்கோலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இப்போது கூட்டங்கள் அரை மணியில் முடிந்துவிடுகின்றன. அந்த நச்சரிப்புக்கு மனம் ஏங்குகிறது. படிவமும் கணினிக்குப் போய்விட்டது.

நேற்று பிள்ளையைச் சேர்க்க வந்த ஓர் அம்மா என் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த மொழிக் கட்டம் வந்ததும் கையை எடுத்துவிட்டார். "எது போட்டா நல்லது மேடம்?" என்றார். நான் இழுப்பறையைத் திறந்து அடிக்கோலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கறையைத் தொட்டுக் காட்டினேன்.

"இது என் மகன் ஃபார்ம்ல நான் அடிச்ச கோட்டோட கறைங்க" என்று ஆரம்பித்தேன்.