விழுந்த பல்

சண்முகவேல், முருகம்மாளுக்கு மூவாயிரம் ரூபாய் பாக்கி வைத்திருந்தார். பட்டாசுக் கம்பெனியில் அவள் வாங்கிய தீபாவளி போனஸ் அது. விருதுநகரில் அவர் பிரவுசிங் சென்டர் திறந்தபோது கொடுத்தாள். மற்றதெல்லாம் அவருடைய சொந்த உழைப்பு. மூன்றாம் வகுப்போடு நின்று வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டியவர், இன்று நாலு கம்ப்யூட்டருக்கு முதலாளி. அந்தத் தெருவில் முகம் பார்த்துப் பேச முதலில் கம்ப்யூட்டரில் கேமரா வைத்த ஆளும் அவர்தான். இந்த மூவாயிரத்தைத்தான் ஐந்து வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்.

2009-இல் முருகம்மாள் மதுரையில் தீக்காய வார்டில் கிடந்தாள். விஸ்வநத்தத்தில் அவள் வேலை பார்த்த ஷெட் வெடித்தபோது, ஏழு வயது மகள் இசைவாணி சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்றிருந்தாள். பிள்ளைக்குக் கீறல்கூட இல்லை. தாய் நம்பவில்லை. செல்போனில் பேசவைத்தாலும், "இது எங்க நாத்தனா மக குரலு. எம்மவ போயிட்டா, மறைக்கீக" என்று வாயை இறுக்கிக்கொண்டாள். மூன்று நாளாகச் சாப்பாடு இல்லை. இப்படியே போனால் பிழைக்கமாட்டாள் என்றார் டாக்டர். கிருமி தொற்றும் என்று வார்டுக்குள் சொந்தக்காரர் யாரையும் விடவில்லை.

பிள்ளையைத் திரையில் காட்டிவிடலாம் என்று, சண்முகவேல் இன்டர்நெட் டேட்டா கார்டு செருகிய தன் புது லேப்டாப்பைப் பட்டாசு கட்டும் பாலித்தீன் கவரில் சுற்றி, அவள் புருஷன் ஊர்க்காவலனிடம் கொடுத்தனுப்பினார். உள்ளே கொண்டுபோக ஒரு நர்ஸ் சம்மதித்தாள்.

கடையில் இசைவாணியைக் கேமரா முன் உட்காரவைத்துவிட்டு அவர் நின்றார், நடந்தார், மறுபடி நின்றார். மின்வெட்டு நேரம், பத்து மணிக்குக் கரண்ட் போய்விடும். இப்போதே ஒன்பது ஐம்பது. இரண்டு முறை இணைப்பு அறுந்தது. மூன்றாம் முறை, கட்டுப்போட்ட முகம் திரையில் வந்தது.

"பழைய சிடியப் போட்டு ஏமாத்துறீகளா அண்ணே? இது காதுகுத்துல எடுத்ததுதான?"

"சிடி இல்ல தாயி! நான் சொல்றேன்ல!"

"மூவாயிரத்தையும் நாளைக்குத் தாரேன்னு நீங்கதான் சொன்னீக."

கடையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சண்முகவேலின் முகம் சுண்டிப்போனது. மணி ஒன்பது ஐம்பத்தேழு. பயந்துபோன பிள்ளை உம்மென்று இருந்தது.

"ஏட்டி, வாயத் தொறந்து பேசு!"

அவர் போட்ட அதட்டலில் அவள் வாயைத் திறந்து அழுதாள். முன்பல் இருந்த இடத்தில் ஓட்டை.

முருகம்மாள் தலையைத் தூக்கினாள். வெடித்த அன்று காலையில் ஆடிக்கொண்டிருந்த பல். அவளே தொட்டுப் பார்த்தது.

"எப்ப விழுந்துச்சு?"

"நேத்து. சாணிக்குள்ள வச்சு கூரைமேல எறிஞ்சேம்மா."

"நர்ஸம்மா, அந்தக் கஞ்சியக் குடுங்க."

முதல் கரண்டி உள்ளே போனது. கரண்ட் போனது.

நாலு மாதம் கழித்து அவர் பணத்தோடு ஆமத்தூரில் அவள் வீட்டுக்குப் போனார். ஊர்க்காவலன் கையை நீட்டினான்.

"உங்கிட்டயா வாங்குனேன்? தள்ளு."

தீக்காயத்தில் சுருங்கி ஒட்டிய விரல்களை நீட்டிப் பழக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். முருகம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளங்கையை விரித்தாள். அது விரியும்வரை நின்ற சண்முகவேல், முப்பது நூறு ரூபாய்த் தாள்களையும் ஒவ்வொன்றாக எண்ணி அதில் வைத்தார்.