எங்களோடு பஸ் ஏறிய ஆக்னஸ் சிஸ்டர்

செவ்வாய்க்கிழமை காலை, மகள் சுபாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ரங்கூனுக்கு வெளியே, மாவ்பி ஊரிலிருந்து டேவிட் அண்ணன். "தங்கச்சி, அக்கா போயிட்டாங்கம்மா" என்றார். ஆக்னஸ் சிஸ்டரின் தம்பி அவர். திடீரென்று நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே முடிந்துவிட்டதாம். எனக்கு உடனே அழுகை வரவில்லை. இனிமேல் சுபாவின் தலையை யார் பார்ப்பார்கள் என்ற பயம்தான் வந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் பொய் எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிஸ்டர் என்றதும் கன்னியாஸ்திரீ என்று எண்ண வேண்டாம்; அவர் நர்ஸ். ரங்கூனில் ஓர் ஆஸ்பத்திரியில், உதடு பிளந்தும் முகம் கோணியும் மண்டை வடிவம் மாறியும் பிறந்த பிள்ளைகளின் வார்டில் ஆயுசைக் கழித்தவர். பர்மியத் தாய்மார்கள் மரியாதையாக 'ஸயாமா', டீச்சரம்மா, என்பார்கள். நாங்கள் சிஸ்டர் என்போம்.

சுபா பிறந்தபோதே தலை நீளமாக இருந்தது. நடு உச்சியில், நெற்றியிலிருந்து பின்னந்தலைவரை, எலும்பு வரப்புபோலத் தடித்திருந்தது. நம் வீடுகளில் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது எண்ணெய் தொட்டுத் தலையை உருண்டையாகப் பிடித்துவிடுவோம், மூக்கை நீவிவிடுவோம். நானும் தினம் பிடித்தேன். ரங்கூனில் பசுந்தாங் பேட்டையில் எங்கள் கட்டடத்தின் ஆறு மாடிப் பெண்களும் தண்ணீருக்குச் சண்டை போடுவார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே குரல். "ஒண்ணும் இல்ல, அமுக்க அமுக்கச் சரியாயிடும்!"

எட்டாவது மாதம் தடுப்பூசி போடப் போன இடத்தில் ஒரு டாக்டரம்மா தலையைத் தடவிப் பார்த்தார். முகம் மாறிப்போய், அந்த ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கேதான் ஆக்னஸ் சிஸ்டரை முதலில் பார்த்தேன். சுபாவின் தலையை நாடா வைத்து அளந்துகொண்டே சொன்னார்: "எலும்புக்கு எலும்பு நடுவுல சந்து இருக்கணும். இவளுக்கு வயித்துக்குள்ளேயே மூடிக்கிச்சு. மூளை வளர இடம் வேணும். திறந்துவிடணும்."

"நான் அமுக்கினதாலயா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"இல்ல. இது உன் கையால வந்தது இல்ல. ஆனா இத்தனை மாசம் யாருக்கும் காட்டாம அமுக்கிக்கிட்டே இருந்தே பாரு, அது உன் தப்புதான்."

இந்த அம்மாவுக்கு நாக்கா, தேள் கொடுக்கா என்று வாசல் தாண்டும்வரை கறுவினேன். ஆனால் ஒன்று: அவர் அந்தப் பிற்பாதியைச் சொன்னதால்தான் முற்பாதியை நம்பினேன். வெறும் ஆறுதல் சொல்லியிருந்தால் நம்பியிருக்கவே மாட்டேன்.

ஆபரேஷன் அன்று என் வீட்டுக்காரர் ரத்தம் ஏற்பாடு செய்ய ஓடிவிட்டார். விடியற்காலையிலிருந்து சுபாவுக்குப் பால் கொடுக்கக்கூடாது. பசியில் தொண்டை கட்டும்வரை அழுதாள். காதிலிருந்து காதுவரை கீறுவார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். அவ்வளவுதான். பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு படி இறங்கி, வெளியே நின்ற முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். எங்கே போகிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

பஸ் நகரும்போது யாரோ ஓடிவந்து தொற்றி ஏறினார்கள். ஆக்னஸ் சிஸ்டர். ஒரு காலில் செருப்பு இல்லை. திட்டுவார், இழுப்பார் என்று நினைத்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார்.

"எங்கம்மா போறோம்?"

"தெரியல சிஸ்டர். கத்தி வைக்க விடமாட்டேன்."

"சரி."

இரண்டு நிறுத்தம் போயிற்று. சுபா என் நெஞ்சைத் துழாவி வீறிட்டாள். தாங்கமுடியாமல் சட்டைப் பொத்தானைக் கழற்றப் போனேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"பால் கொடுத்தா இன்னைக்கு ஆபரேஷன் கிடையாது. திரும்ப எப்போ தேதி கிடைக்கும்னு எனக்குத் தெரியாது. கொடுக்கணும்னா கொடு, நான் தடுக்கமாட்டேன். பயப்படாதேன்னும் சொல்லமாட்டேன். எனக்கே பயமாத்தான் இருக்கு. ஆனா நீ இறங்குற இடத்துலதான் நானும் இறங்குவேன்."

பொத்தானைப் போட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஆஸ்பத்திரிக்கே திரும்பினோம். எங்களுக்காக டாக்டர் அடுத்த பிள்ளையை முதலில் எடுத்துக்கொண்டாராம். வார்டை விட்டு ஓடியதற்காக சிஸ்டருக்குத்தான் மேலிடத்தில் ஏச்சு கிடைத்தது. ஆபரேஷன் முடிந்து தியேட்டர் கதவு திறக்கும்வரை என் கையை அவர் விடவில்லை. சுபா பிழைத்தாள்.

பிறகு சிஸ்டர் ஓய்வு பெற்றார். ஆனாலும் சில மாதங்களுக்கு ஒருமுறை மாவ்பியிலிருந்து வந்து தலையை அளந்து பார்ப்பார். சுபாவுக்கு இப்போது ஐந்து வயது. வாய் ஓயாத வாயாடி.

வியாழக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் டேவிட் அண்ணன் என்னைத் தனியே அழைத்தார். "அக்காவுக்கு ரத்தக்குழாய் அடைப்பும்மா. போன வருஷமே ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தாங்க. ரெண்டு தடவை பை கட்டி வச்சுட்டு, ரெண்டு தடவையும் போகல. 'பயமா இருக்குடா தம்பி, யார்கிட்டயும் சொல்லாதே'ன்னாங்க. பாவி, நானும் சொல்லல."

அந்த ஒரு வருஷத்தில் மூன்று முறை எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆறு மாடி ஏறி, மூச்சு வாங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "என்ன சிஸ்டர், வெயிட்டு போட்டுட்டீங்களா?" கேட்டுவிட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பெட்டியை இறக்கும்போது சுபா என் புடவையை இழுத்தாள். "அம்மா, சிஸ்டருக்கு உள்ளே தனியா பயமா இருக்குமா?"

இருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் சொன்னால் சிஸ்டருக்குப் பிடிக்காது என்று நிறுத்திக்கொண்டேன். எல்லோரும் மண் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். வெயில் ஏறிவிட்டது, வா போகலாம் என்று வீட்டுக்காரர் கூப்பிட்டார். நான் போகவில்லை. மண்வெட்டிக்காரர்கள் வேலையை முடித்துக் கை கழுவும்வரை, சுபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு குழியோரமே நின்றேன்.

போய் வாருங்கள், சிஸ்டர்.