நாங்கதான் ஜெயிப்போம்ணே

என்னைத் திருடி என்று யாரும் நேராகச் சொல்லவில்லை. "கடைசி ரெண்டு எபிசோடை நீங்க எந்த கம்ப்யூட்டர்ல பாத்தீங்க?" என்று மட்டும் கேட்டார்கள். பார்த்தீர்களா என்று கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். எந்த கம்ப்யூட்டரில் என்று கேட்டால் என்னத்தைச் சொல்வது? எனக்கு வந்த கோபத்துக்கு லேப்டாப்பைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். முதலாளியுடையது என்பதால் விட்டேன்.

நான் செய்வது டப்பிங் வசனம் எழுதுகிற வேலை. பெங்களூர் அல்சூரில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்டுடியோ. வெளிநாட்டு சீரியல்கள் இங்கிலீஷ் வசனத்தோடு வரும். படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து, வாயசைவுக்குப் பொருந்துகிற மாதிரி தமிழில் எழுதித் தருவேன். அப்படி வந்ததுதான் அந்த ஜப்பான் ரவுடி சீரியல்.

கதை ஒரு துறைமுக ஊரில் நடக்கிறது. பரம்பரை பரம்பரையாக அடித்துக்கொள்ளும் இரண்டு கோஷ்டிகள். அதில் ஒரு கோஷ்டியின் தலைவர் செத்துப்போகிறார். அவர் நாற்காலியைப் பிடிக்கத் துடிக்கிறான் ஒருவன். ஸ்டுடியோவில் அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் 'நம்மாளு'. ஈவிரக்கமே கிடையாது. கூட வளர்ந்தவனையே கடலில் தள்ளிவிட்டு வந்து, கை கழுவி, நிதானமாக நூடுல்ஸ் சாப்பிடுவான். எதிர்க் கோஷ்டியோடு பகலில் சமாதானம் பேசிவிட்டு, சாயங்காலமே அவர்கள் குடோனைக் கொளுத்துவான். அவன் யாரையும் நம்புவதில்லை, கார் ஓட்டுகிற தம்பி ஒருத்தனைத் தவிர.

கூடப் பிறந்த தம்பி இல்லை. அந்தக் கோஷ்டிகளில் உறவுமுறை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். தலைவன் அப்பா, மூத்தவன் அண்ணன், இளையவன் தம்பி. எனக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவளுக்கு, ரவுடியை அண்ணே என்று கூப்பிட யாராவது சொல்லித்தர வேண்டுமா?

மூன்றாவது எபிசோடில் தலைவரை எரித்துவிட்டு இருவரும் காரில் திரும்புகிறார்கள். பின்சீட்டிலிருந்து நம்மாளு கேட்கிறான், "இனிமே இந்த ஊரு யாரு கையில?" தம்பி ஓட்டிக்கொண்டே பதில் சொல்கிறான். இங்கிலீஷில் 'வீ' என்று இருந்தது. அவர்கள் பாஷையிலும் அதற்கு ஒரே சொல்தானாம். கன்னடத்திலும் 'நாவு' என்று ஒன்றே ஒன்று. தமிழில்தான் தொல்லை. 'நாம' என்றால் கேட்கிறவனும் சேர்த்தி. 'நாங்க' என்றால் அவனை வெளியே நிறுத்தியாயிற்று.

நியாயமாகப் பார்த்தால் 'நாம' என்றுதான் எழுதவேண்டும். ஆனால் அந்த இடத்தில் தம்பியின் முதுகுதான் தெரிகிறது, குரல் மட்டும் வருகிறது. பேசுவதற்கு முன் ஒரு சின்ன மூச்சு விடுகிறான். என் வீட்டுக்காரர் 'ஆபீஸ்ல மீட்டிங்' என்று சொல்வதற்கு முன் விடுவாரே, அதே மூச்சு. எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? அடப்பாவி, இவன் எதிர்க் கோஷ்டி ஆள் என்று பட்டது. 'நாங்கதான் ஜெயிப்போம்ணே' என்று எழுதினேன். குரல் கொடுத்தவரும் ஒன்றும் கேட்காமல் அப்படியே பேசிவிட்டுப் போனார்.

எபிசோடு வெளியானதும் இன்டர்நெட்டில் ஆரம்பித்துவிட்டார்கள். 'அவன் நாங்கன்னு சொல்றான், கவனிச்சீங்களா? அவன்தான் துரோகி' என்று ஒருவர் எழுத, அதன் கீழே பெரிய கூட்டமே கூடிவிட்டது. கடைசி எபிசோடில் அந்தத் தம்பிதான் நம்மாளைக் காருக்குள் வைத்தே சுட்டான். அவன் ஆரம்பத்திலிருந்தே எதிர்க் கோஷ்டிக்காரன். உலகத்தில் தமிழில் பார்த்தவர்களுக்கு மட்டும் அது முன்கூட்டியே தெரிந்திருந்தது. சீரியலை வாங்கி வெளியிடுகிற கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கடைசி இரண்டு எபிசோடையும் பூட்டி வைத்திருந்தார்கள். நான் மூன்றாவதை எழுதியபோது அவை எங்கள் கைக்கே வரவில்லை. அப்படியென்றால் எவளோ திருட்டுத்தனமாகப் பார்த்திருக்கிறாள் என்று முடிவுகட்டிவிட்டார்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அடுத்த சீசன் எங்களுக்கு இல்லை என்று மெயில் வந்தது. அந்த சீசனை நம்பித்தான் எங்கள் எல்லோருக்கும் சம்பளம்.

அதன் பிறகு ஸ்டுடியோவுக்குள்ளேயே யாரும் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. முதலாளி பாஸ்வேர்டை மாற்றினார், எனக்குச் சொல்லவில்லை. சவுண்ட் இன்ஜினியர், அக்கா அக்கா என்று என் டிபன் பாக்ஸில் பாதியைக் காலி பண்ணுகிறவன், நான் உள்ளே போனால் ஸ்கிரீனை அணைத்தான். இவன்தான் போட்டுக்கொடுத்திருக்கிறான் என்று நினைத்தேன். டீ கொண்டுவந்து வைத்தால் எதற்கு வைக்கிறான் என்று யோசித்தேன். ஜப்பான் ரவுடிகள் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. அவர்களாவது வெளிப்படையாகச் சுட்டுக்கொள்கிறார்கள்.

கம்பெனியின் தமிழ்ப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற மேடம் சென்னையிலிருந்து வீடியோ காலில் வந்தார். பக்கத்தில் முதலாளி வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நான் உள்ளதைச் சொன்னேன்.

"அந்த மூச்சைக் கேட்டேன் மேடம். ஆள் சரியில்லன்னு தோணுச்சு. அதனால தெரிஞ்சேதான் நாங்கன்னு போட்டேன்."

"மூச்சு," என்றார் மேடம்.

"ஆமாம்."

"ஜப்பான்லயே யாரும் கண்டுபிடிக்கல. நீங்க அல்சூர்ல உக்காந்து மூச்சை வெச்சுக் கண்டுபிடிச்சீங்க."

"ஜப்பான்காரங்களுக்கு அதை எழுத ரெண்டு சொல் இல்லையே மேடம். எனக்கு இருந்துச்சு, ஒண்ண எடுக்கவேண்டி வந்துச்சு."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். மறுபடி அதே கேள்விகள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வீட்டுக்காரருக்கு என்ன வேலை, பென் டிரைவ் உண்டா. நாளைக்குக் காலையில் திரும்பக் கூப்பிடுகிறேன், யோசித்து வையுங்கள் என்று வைத்துவிட்டார்.

படிக்கட்டில் சவுண்ட் இன்ஜினியர் நின்றுகொண்டிருந்தான். "அக்கா, தப்பா நெனச்சுக்காத. முதலாளிதான் உன்கிட்ட ஒண்ணும் காட்டாதன்னு சொல்லிட்டாரு," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "நீ சொல்றத எவனும் நம்பமாட்டான். தெரியாம எழுதிட்டேன்னு சொல்லிடேன். நம்ம பெங்களூர்ல யாருக்குக்கா நாம, நாங்க வித்தியாசம்? எங்கம்மாகூட, 'வா, நாங்க ரெண்டு பேரும் மார்க்கெட் போயிட்டு வரலாம்'னுதான் என்னைக் கூப்பிடும். கன்னடம் பேசிப் பேசி நமக்கு எல்லாம் ஒண்ணாயிடுச்சு. சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்க," என்று பாதிக் கன்னடத்திலேயே முடித்தான்.

அவன் சொன்னது பொய்யில்லை. என் அம்மாவும் அப்படித்தான். அண்ணன் கல்யாணத்தில், "நாங்க எல்லாரும் சேந்து போட்டோ எடுத்துக்கலாம் வாங்க" என்று அம்மா கூப்பிட, வேலூரிலிருந்து வந்த சம்பந்திகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு வெட்கமாகி, அந்த இரண்டு சொல்லையும் நான் வம்படியாகக் கற்றுக்கொண்டேன். இப்போது அதைத் தெரியாது என்று சொல்லவேண்டுமாம். வசனம் எழுதுகிறவளுக்கு அதைவிட்டால் என்ன இருக்கிறது? ஆனால் முதலாளியின் முகமும், டிபன் பாக்ஸ்காரனின் வீட்டு வாடகையும் கண்ணுக்குள் நின்றன.

காலையில் மேடம் வந்ததும் சொன்னேன். "மன்னிச்சுக்கங்க மேடம், நேத்து பயத்துல ஏதோ உளறிட்டேன். எங்க ஊர்ப் பக்கம் ரெண்டையும் ஒரே மாதிரிதான் பேசுவோம். எனக்கு வித்தியாசம் தெரியாது."

பென் டிரைவ் பற்றி நிறையக் கேட்பார், என்ன சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். வேறு இடங்களில் மட்டும் எப்படிச் சரியாக எழுதினாய் என்று கேட்டால் மாட்டிக்கொள்வேன் என்றும் பயந்தேன். அந்த எபிசோடிலேயே 'நாம' என்று எத்தனையோ இடத்தில் சரியாகத்தான் எழுதியிருந்தேன், பக்கத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

மேடம் புரட்டவில்லை. அவர் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. "அதானே பாத்தேன்," என்று சிரித்தார். "பெங்களூர்த் தமிழ்தானே. இதை நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. அடுத்த சீசனுக்குத் திருத்தறதுக்கு இங்கேயிருந்து ஒருத்தரைப் போட்டுடறேன்." முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

திருடி என்று சந்தேகப்பட்டபோது என் வீட்டுக்காரரின் வேலை வரைக்கும் விசாரித்தார்கள். தமிழ் தெரியாதவள் என்று நானே சொன்னபோது, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.