டீச்சரை வேலைக்கு வைத்தவர்கள்

டீச்சர் யானிரா, எல் ஹிகாரோ என்ற மலையூரை விட்டுப் போனது ஜூன் மாதத்தில், அந்த நாட்டு ஆசிரியர் தினத்துக்குச் சற்று முன்னால், மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. பால் ஏற்றிப் போகும் வண்டியின் பின்னால் ஏறி, பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகள் கொஞ்ச தூரம் வண்டிக்குப் பின்னால் ஓடி, ஆற்றுத் திருப்பத்தில் நின்றுவிட்டார்கள்.

ஒடிலியா மாதக் கடைசிக்கு எத்தனை நாள் என்று விரலில் எண்ணினாள். பெற்றோர் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. மாதக் கடைசியில் வகுப்பில் ஆசிரியர் இல்லையென்றால் அரசாங்கப் பணம் நின்றுவிடும், பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்கள். அடுத்த பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். மழைக்காலத்தில் அந்த ஆற்றில் மாடுகூட இறங்காது. அவள் மகள் தெல்மி அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். கடைப் பலகை, சோப்புக் காகிதம் என்று எதையும் விடுவதில்லை.

எல் சால்வதோர் நாட்டில் உள்நாட்டுச் சண்டை ஓய்ந்த புதிது. கல்வி அமைச்சகத்திலிருந்து ஒருவர் வந்து, மலையூர்களுக்கு ஆசிரியர் யாரும் வர மாட்டேன் என்கிறார்கள், அதனால் பணத்தை உங்கள் சங்கத்துக்கே அனுப்பிவிடுகிறோம், ஆளைத் தேடி வேலைக்கு வைத்துச் சம்பளம் கொடுப்பது உங்கள் பொறுப்பு என்றார். கிளம்பும்போது, இனிமேல் நீங்கள்தான் முதலாளி என்று வேறு சொன்னார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்த ஊர் அது.

சிரித்தார்களே தவிர, சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். முதலாளி என்றால் என்ன செய்வார்? மத்தியானம் சாப்பாடு போடுவார். ஆகவே முறை வைத்து, உள்ளங்கையைவிட அகலமான தடித்த சோள ரொட்டியில் ஒரு கரண்டி அவரையை அப்பி, தோட்டத்தில் கொடுப்பதுபோலவே டீச்சரின் கையில் கொடுத்தார்கள். தட்டு கிடையாது. முதலாளி கங்காணி வைப்பார். ஆகவே தினமும் ஒரு தாய் ஜன்னலுக்கு வெளியே இடுப்பில் கை வைத்து நின்றாள். டீச்சர் பலகைப் பக்கம் திரும்பினால் இவளும் எட்டிப் பார்ப்பாள். தோட்டத்து வாசலில் பையைத் திறந்து காட்டாமல் எந்தக் கூலியும் வீட்டுக்குப் போனதில்லை. அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ஒடிலியா டீச்சரின் பையை வாங்கித் திறந்து, உள்ளே கையை விட்டுத் துழாவினாள். ஒரு சீப்பு, பிள்ளைகளின் நோட்டுகள், பாதி தின்ற ரொட்டி. சரி, போங்கள் என்று பையைத் திருப்பிக் கொடுத்தாள். குறை சொல்ல ஒன்றும் இல்லை என்பதில் அவளுக்குச் சந்தோஷம்கூட. மறுநாள் காலையில் யானிரா வண்டி ஏறிவிட்டாள்.

சங்கத்தின் பொருளாளர் தோன் எலியோ யாரைப் போகச் சொல்வது என்று யோசிக்கவே இல்லை. "பையில விட்ட கை உன் கைதானே. அந்தக் கையாலயே போய்க் கதவத் தட்டு."

பட்டணத்தில் யானிராவின் அம்மா வீட்டைக் கண்டுபிடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. யானிராவே வந்து கதவைத் திறந்தாள்.

"என்ன நீன்யா ஒடிலியா? பையில எதாவது விட்டுப்போச்சா?"

அங்கே பாட்டியானாலும் பெண்களை மரியாதையாக நீன்யா என்றுதான் கூப்பிடுவார்கள், அதாவது சிறுமி என்று. அன்றைக்கு அந்த மரியாதை ஒடிலியாவுக்குச் சுருக்கென்று குத்தியது. வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த பேச்சு மறந்துபோயிற்று.

"எங்களுக்குத் தெரிஞ்ச முதலாளி ஒருத்தர்தான் டீச்சர். அவர் அப்படித்தான் செய்வார்."

"அவரை உங்களுக்குப் பிடிக்குமா?"

"நாசமாப் போறவன்."

யானிரா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "பின்ன ஏன் அவனாட்டமே என்கிட்ட நடந்தீங்க?"

"வேற எப்படி இருக்கிறதுன்னு யாரு காட்டினா? பயிற்சின்னு கூட்டிட்டுப் போய் எந்த இடத்துல கையெழுத்துப் போடணும்னு சொல்லிக் குடுத்தாங்க. இத யாரும் சொல்லலையே."

யானிரா அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். திரும்பி வருகிறேன் என்று உடனே சொல்லிவிடவில்லை, முதலில் நிபந்தனை போட்டாள். ஜன்னலில் யாரும் நிற்கக் கூடாது, பார்க்க வேண்டும் என்றால் உள்ளே வந்து பெஞ்சில் உட்காரட்டும். சந்தேகம் இருந்தால் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், முகத்துக்கு நேரே கேட்கட்டும். சாப்பாடு வரட்டும், அந்த அவரை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தட்டில் வரட்டும். ஒடிலியா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கேள்வி கேட்பதுதான் பெரிய பாடாக இருக்கும் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

யானிரா திரும்பி வந்தாள், அடுத்த கூட்டத்தில் கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றாள். ஆண்கள் தொப்பியை உருட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒடிலியாதான் எழுந்தாள்.

"வாசல் பக்கம் உக்காந்திருக்கிற பிள்ளைங்களையே வாசிக்கச் சொல்றீங்களே டீச்சர். என் மக பின்னால இருக்கா. அவளுக்கு வாய் இல்லையா?"

யானிரா பின்வரிசைப் பெஞ்சுகளைப் பார்த்தாள். பிறகு, நீங்கள் சொல்வது சரி, நான் கவனிக்கவில்லை என்றாள். அந்த ஊரில் படித்தவர் ஒருவர் இப்படிச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. அதற்குப் பிறகு கூட்டம் என்றால் சந்தைதான். கணக்கில் மகன் ஏன் தேறவில்லை, வெள்ளிக்கிழமை ஏன் சீக்கிரம் விட்டீர்கள் என்று பிடித்துக்கொள்வார்கள். யானிராவும் விடமாட்டாள். ராத்திரி பிள்ளையை யார் படிக்கச் சொன்னது, பறிப்புக் காலத்தில் பள்ளிக்கூடத்தை நிறுத்தித் தோட்டத்துக்கு இழுத்துப் போனது யார் என்று திருப்பிக் கேட்பாள். தலைநகரிலிருந்து பணம் வராத மாதங்களில் தாய்மார்கள் வண்டி பிடித்துப் போய் அமைச்சக அலுவலகத்தின் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள். சத்தம் போட மாட்டார்கள். கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதிகாரிகளுக்கு அதுதான் தாங்காது.

தெல்மி படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் ஒடிலியா சங்கத்தை விடவில்லை.

பிறகு ஆட்சி மாறியது. ஆசிரியர்களை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. யானிராவுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. வருஷா வருஷம் ஒப்பந்தம் நீளுமா என்று பயந்தவளுக்கு அது நியாயம்தான், ஒடிலியாவே கோழி அடித்து விருந்து வைத்தாள். சங்கம் கலைந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் வந்தது, இரும்புக் கதவு வந்தது, கதவுக்குப் பூட்டும் வந்தது. பெற்றோரைக் கூப்பிடுவது செப்டம்பரில் சுதந்திர தின ஊர்வலத்துக்குத் துணி தைக்கவும் மைதானத்தைப் பெருக்கவும்தான். ஒடிலியா சந்தைக்குப் போகும்போது அந்தக் கதவருகே கொஞ்சம் நிற்பாள். உள்ளே பிள்ளைகள் வாசிக்கும் சத்தம் கேட்கும். பின்வரிசைப் பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்று இங்கிருந்து தெரியாது. காவல்காரன் என்ன வேண்டும் என்பான். ஒன்றுமில்லை என்று நடப்பாள்.

அவள் தலை முழுக்க நரைத்துவிட்ட ஒரு மார்ச் மாதத்தில் கைப்பேசிக்கு ஒரு குரல் செய்தி வந்தது. யானிரா இப்போது பட்டணத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை.

"நீன்யா ஒடிலியா, சௌக்கியமா? நேத்துப் பெற்றோர் கூட்டம் போட்டேன். வந்தவங்க எல்லாம் தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தாங்க. என்ன சொன்னாலும் சரி டீச்சர், சரி டீச்சர்னாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. அடுத்த கூட்டத்துக்கு நீங்க வரணும். வந்து எல்லார் முன்னாடியும் என்னை நாலு கேள்வி கேளுங்க. எதுவானாலும் சரி. டீச்சரையும் கேள்வி கேக்கலாம்னு அவங்க பாக்கட்டும்."