தட்டாத மனுசன்

ஜியு-ஜிட்சு என்கிற மல்லுக்கட்டைத் தனியாகச் செய்ய ஏலாது. ஓடுகிறவள் தனியாக ஓடலாம். குத்துச்சண்டைக்காரி ஒரு மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுக் குத்தலாம். இதற்கு மூச்சு விடுகிற, எதிர்த்து நெம்புகிற இன்னொரு உடம்பு வேண்டும். அபுதாபியிலிருந்து எங்கள் ஊர் பாலாவிக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. என்னிடம் இந்த வித்தையில் தேறி வாங்கின நீலப் பட்டி ஒன்று இருந்தது, பிடிக்க ஆள் இல்லை. ஐந்து வருசம் படித்ததைக் கையும் காலும் ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வந்தன. அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

அபுதாபிக்கு நான் சண்டை படிக்கவா போனேன்? பெண்களுக்கான ஒரு விளையாட்டு மண்டபத்தில் தரை துடைக்கப் போனேன். மெத்தை விரித்த பெரிய அறை ஒன்று, ஒரு நாளைக்கு மூன்று தரம் மருந்துத் தண்ணியால் துடைக்க வேண்டும். அங்கே பழக்குகிறவ ஒரு பிரேசில்காரி. ஒரு நாள் வகுப்புக்கு வந்தவர்களில் ஒருத்திக்குச் சோடி இல்லாமல் போய்விட்டது. அந்த மனுசி என் கையில் இருந்த துடைப்பத்தை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு, "நீ வா" என்றா. போனேன். பிறகு போய்க்கொண்டே இருந்தேன்.

வகுப்பு முடிந்ததும் அவ கதை சொல்லுவா. இது யப்பானில் இருந்து பிரேசிலுக்கு வந்த வித்தையாம். "நின்று பிடித்த வித்தையை நாங்கள்தான் தரையில் படுக்க வைத்தோம்" என்று பெருமை அடிப்பா. எல்லா வித்தைக்காரரையும் ஒரே இடத்தில் மோதவிடுகிற சண்டைகள் அமெரிக்காவில் தொடங்கின காலத்தில், கராத்தேக்காரன் தன்னுடையதுதான் பெரிது என்று வந்தானாம், குத்துச்சண்டைக்காரன் தன்னுடையதுதான் என்று வந்தானாம். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மெலிந்த பிரேசில்காரன் ஒவ்வொருத்தனையும் கட்டிப் பிடித்துக் கீழே இழுத்து, கழுத்தையோ கையையோ பூட்டிவிட்டான். மலை மாதிரி ஆட்களுக்கு என்ன நடக்கிறதென்றே விளங்கவில்லை. அதற்குப் பிறகு, தரைச் சண்டை தெரியாமல் அந்தச் சண்டைக் கூண்டுக்குள் கால் வைக்கத் துணிந்தவன் குறைவு. இன்றைக்குக் குத்துகிறவனும் பூட்டப் படிக்கிறான். பூட்டுகிறவனும் குத்தப் படிக்கிறான். ஒன்றையும் படிக்காதவன் கீழே விழுந்தால் எழும்பவாவது படிக்கிறான்.

சரி, எனக்கு ஆள் வேண்டுமே! எங்கள் பக்கத்துப் பெண்களில் இது தெரிந்தவள் ஒருத்தியும் இல்லை. அந்நிய ஆம்பிளையோடு கட்டிப் புரளுவதா, அஸ்தஃபிருல்லாஹ்! எனக்கு நானாவும் இல்லை, தம்பியும் இல்லை, வாப்பாவும் மௌத்து. ஆக, இந்தத் துனியாவில் நான் கழுத்தைப் பிடிக்கக்கூடிய ஆம்பிளை ஒரே ஒருத்தர்தான். அவர் தொண்ணூற்றைந்து கிலோ.

என்னைக் கட்டின மாப்பிள்ளை உப்பளத்தில் லொறிக்கு மூட்டை ஏற்றுகிறவர். குத்தும் பூட்டும் கலந்த அந்தக் கலப்புச் சண்டை என்றால் உயிர். அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கிற சண்டை எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். கூட்டாளிமார் நாலு பேர் முற்றத்தில் கதிரையைப் போட்டு, ஃபோனை ஒரு தேங்காயில் சாய்த்து வைத்து, பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு பார்ப்பார்கள். குத்து விழுந்தால் விசிலடி. இரண்டு பேரும் தரைக்குப் போனால் போதும், என்ர மனுசன் தொடங்கிவிடுவார்.

"எழும்புங்கடா! படுக்கவா சம்பளம் குடுக்கிறாங்க?"

பல வாரம் பொறுத்தேன். நான் மன்னாரில் இருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. எங்களுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று என் மாமி எப்போதும் சொல்லுவா. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் போன பிறகு, அந்த நீளமான வாயைத் திறந்தேன்.

"படுத்திருக்கிறவன்தான் வெல்லுறான், தெரியுமா? விளங்காட்டி வாயை மூடிக்கிட்டுப் பாருங்களேன்."

"உனக்கு என்ன புள்ள தெரியும்?"

"காட்டவா?"

அன்று பின்னேரம் எங்கள் பிள்ளைகள் குர்ஆன் ஓதப் போன நேரம். அறைக் கதவைப் பூட்டி, இரண்டு பாயை ஒன்றுக்கு மேல் ஒன்றாக விரித்தேன். அவர் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு, மூட்டையைத் தூக்க வருவதுபோலச் சிரித்துக்கொண்டே வந்தார். கையைப் பிடித்தேன், காலை வாரினேன், ஆள் கீழே. முதுகுப் பக்கம் போய்க் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசம் கலியாணத்தன்றுகூட வரவில்லை.

அன்றிலிருந்து கிழமைக்கு மூன்று பின்னேரம். மனுசன் கெட்டிக்காரர், சீக்கிரம் பிடித்துக்கொண்டார். ஒரு நாள் என் தலையைக் கக்கத்தில் இறுக்கி, முழுப் பாரத்தையும் என் மேல் போட்டுவிட்டார். மூச்சு எடுக்க ஏலவில்லை. முதுகில் தட்டினேன். விடுவார் என்று பார்த்தால் இன்னும் இறுக்கிக்கொண்டு, "என்ன புள்ள, கொஞ்சுறியா?" என்கிறார்! எங்கள் ஊரில் முதுகில் தட்டினால் அது பாசம்தானே. அவரிலும் பிழையில்லை. நான் காலை உதறி, கையைக் கடித்துத்தான் வெளியே வந்தேன்.

"தட்டினா விடணும்!" என்று கத்தினேன். "அதுதான் சட்டம்!"

"அப்ப தட்டினா தோத்ததா?"

"தோத்ததில்ல. நாளைக்கும் வாறேன் எண்டு அர்த்தம்."

அவருடைய காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் தட்டவே இல்லை. கழுத்து மாட்டும், முகம் சிவக்கும், கண் பிதுங்கும், கை மட்டும் அசையாது. எனக்குப் பயம் பிடித்துப் பிடியைத் தளர்த்துவேன். உடனே எழும்பி, "பார்த்தியா, கழட்டிட்டேன்!" என்று நெஞ்சை நிமிர்த்துவார். எனக்கு வருகிற கோபத்துக்கு! நான் விட்டதை இவர் கழட்டியதாகக் கணக்கு.

ஒரு நாள் நானும் பிடிவாதமாகக் கொஞ்சம் கூடப் பிடித்துவிட்டேன். திடீரென்று கை கால் எல்லாம் தளர்ந்து, குறட்டை மாதிரி ஒரு சத்தம் வந்தது. யா அல்லாஹ்! கையை உதறி எடுத்து, ஆளைத் திருப்பி, கன்னத்தில் தட்டினேன். இரண்டு மூன்று நொடியில் கண்ணைத் திறந்தார். கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கரண்ட் போச்சா?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அழுகைதான் மிஞ்சியது. பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தேன்.

"இஞ்ச பாருங்க. தட்டாத ஆளோட பிடிக்கக் கூடாது எண்டு எங்கட பிரேசில்காரி சொல்லியிருக்கிறா. நீங்க தட்டுறேன் எண்டு சொல்லும் வரைக்கும் இந்தப் பாயை விரிக்க மாட்டேன்."

"ஒரு பொம்புளைக்கிட்ட நான் தட்டுறதா?"

"அப்ப விடுங்க."

விட்டார். பத்து நாள். அந்தப் பத்து நாளும் நான் குசினிக்குள் சட்டி பானையோடு சண்டை போட்டேன். என்னுடைய ஒரே ஆளை நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேனே! அவரும் பின்னேரமானால் அந்தக் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்ப்பார், பிறகு கடைக்குப் போவார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும். சொல்ல மாட்டாரே. சரியான இரும்புத் தலை.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. முற்றத்தில் வழமைபோலக் கூட்டம். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன், யன்னலால் எல்லாம் கேட்கும். குத்துக்குப் பேர்போன ஒருவன் சண்டைக்கு வந்திருந்தான். என் மாப்பிள்ளைக்கு அவன்தான் ஆள். இரண்டாவது சுற்றில் எதிரி அவனைக் கீழே இழுத்து, முதுகில் ஏறி, கழுத்தைப் பூட்டிவிட்டான். அவன் தட்டினான். முற்றத்தில் ஒரே கூச்சல்.

"சீ! ஆம்புளையா இவன்?" என்றார் கூட்டாளி ஒருவர். "செத்தாலும் நான் தட்ட மாட்டேன்."

இப்போது என் மாப்பிள்ளையும் ஆமாம் போடுவார் என்று நினைத்துக்கொண்டு சீனிப் போத்தலை மூடினேன்.

"வாய் கதைக்கும் மச்சான்," என்றார் இவர். "கழுத்து மாட்டினாத்தான் தெரியும். தட்டினவன் நாளைக்கும் வருவான். தட்டாதவனுக்குக் கரண்ட் போகும்."

"நீ எங்க கண்ட?"

"வீட்டிலதான். உள்ளுக்குத் தேத்தண்ணி ஊத்துறா பாரு, அவகிட்ட நான் கிழமைக்குப் பத்துத் தரம் தட்டுறேன்."

எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "வேணுமெண்டா வந்து பிடிச்சுப் பாருங்க எண்டும் சொல்லேலாது, அது ஹராம்" என்றார். அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி நின்றேன். பத்துத் தரமாம்! ஒரு தரம்கூடத் தட்டாத மனுசன். நாலு பேருக்கு முன்னால் வாய் கூசாமல் பொய் சொல்லுகிறார், எனக்காக. கண்ணில் தண்ணி வந்து, யாருடைய கோப்பையில் சீனி போட்டேன், யாருடையதில் போடவில்லை என்று ஒன்றும் தெரியவில்லை.

பின்னேரம் பிள்ளைகள் ஓதப் போனதும் அவரே பாயை எடுத்து விரித்தார். முகத்தைப் பார்க்காமல், "வா" என்றார். பின்னால் போய் உட்கார்ந்து, கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டேன். இன்னும் இறுக்கக்கூட இல்லை, என் முழங்கையில் தட், தட், தட்.

"நான் இன்னும் பிடிக்கவே இல்லையே!"

"தெரியும்," என்றார். "முதல்ல ஒருக்காத் தட்டிப் பார்க்கிறேன்."

தட்டினால் அந்த நொடியே விட வேண்டும், அதுதான் சட்டம். அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். அன்றைக்கு நான் கொஞ்சம் பிந்தித்தான் விட்டேன்.