ஒரு முடி நாற்று

“புரட்டாசி, இரண்டாம் வெள்ளி. மேலண்டை வயல், சம்பா நடவு. வங்காளத்து ஆட்கள் பதினொருவர். உள்ளூர் ஆள் ஒருவர், ஒரு முடி.”

என் நாட்குறிப்பில் அன்று இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

குத்தாலத்துக்குக் கிழக்கே இருக்கும் அந்த வயலை என் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அப்பா காலத்தில், அறுவடைக்கு வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கியபோது, உள்ளூர்க்காரர்கள் அதே வரப்பில் கொடி நட்டு மறித்தார்கள். கூலி உயர்ந்தது. அன்று மறித்தவர்களில் ஒருத்தியின் மருமகள்தான் இப்போது நடவுப் பெண்களுக்குத் தலைவி. நான்கு பெண்களோடு அண்ணன் முன்னால் வந்து நின்றார். கொடி இல்லை.

“அந்த வங்காளத்து ஆளுங்க ரேட்டுக்கே நாங்களும் நட்டுத் தர்றோங்க ஐயா. இதுவும் போச்சுன்னா தை வரைக்கும் எங்களுக்கு வேலையே இல்ல.”

“ரேட்டு மட்டும் இல்லம்மா. அவங்க மத்தியானத்துக்குள்ள முடிச்சிடுறாங்க. வாய்க்கால்ல நாளைக்குத் தண்ணி இருக்குமோ என்னவோ.”

“பின்ன எதுக்கு வரச் சொன்னீங்க?”

“உங்களை மட்டுந்தானே வரச் சொன்னேன். முதல் நாத்து முடியை நீங்க வச்சாத்தான் விளையும். கைராசி.”

பின்னால் நின்ற ஒருத்தி, “ராசிக்குத் தனி ரேட்டு கேளுக்கா” என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

மறுத்தால் அடுத்த நடவுக்கு இந்த அழைப்பும் வராது. தலைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினார். வடகிழக்கு மூலையில் ஒரு முடியைப் பிரித்து நட்டார். பழக்கத்தில் கை அடுத்த முடிக்குப் போனது.

“போதும்மா” என்றார் அண்ணன்.

வரப்பேறியவர், இறங்கக் காத்திருந்த வங்காளத்து ஆளிடம் நாள் கூலி எவ்வளவு என்று கேட்டார். அவன் விரல்விட்டுக் காட்டினான். போன வருடம் இந்தப் பெண்கள் வாங்கியதைவிடக் குறைவு.

“பாக்கி ஏஜெண்ட் எடுக்கும். எங்க ஊர்ல இதுவும் இல்ல” என்றான்.

“இவனையும் திட்ட முடியாது போலிருக்கேடி” என்று தோழியிடம் சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

அடுத்த ஆண்டு அண்ணன் முதல் முடிக்கு ஆளனுப்பினார். தலைவியின் வீடு பூட்டியிருந்தது. வங்காளத்து ஆளே முதல் முடியை நட்டான். விளைச்சல் குறையவில்லை.

அந்த ஐந்து பெண்களும் பாலக்காட்டுப் பக்கம் நடவுக்குப் போய்விட்டார்கள், அங்கே உள்ளூர்ப் பெண்களைவிடக் குறைந்த கூலிக்கு நடுகிறார்கள் என்று டீக்கடையில் பேச்சு. சொன்னவர்களில் ஒருவரும் நேரில் பார்க்கவில்லை. நானும் இன்னும் சரிபார்க்கவில்லை.